காயலான் கடை ஃப்ரேமில் கஸ்டம் சைக்கிள்: எதை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது?

நிறைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சைக்கிள் நிற்கும். தாத்தா ஓட்டியது. டயர் வெடித்து, சீட் கிழிந்து, செயின் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும். 'எடைக்குப் போட்டுடலாமா?' என்று வருஷத்துக்கு ஒரு தடவை பேச்சு வரும். ஆனா யாரும் போட மாட்டாங்க.

அந்த சைக்கிளின் ஃப்ரேம் நல்லா இருந்தா, அதை வைத்தே உங்களுக்கென்று ஒரு வண்டி கட்டிவிடலாம். வீட்டில் இல்லையென்றாலும் காயலான் கடையில் இரும்பு விலைக்கு ஃப்ரேம் கிடைக்கும். ஒரு வண்டியின் ஹேண்டில்பார், இன்னொன்றின் வீல், வேறொன்றின் சீட் என்று சேர்த்துக் கட்டுவதற்குத்தான் கஸ்டம் சைக்கிள் என்று பெயர்.

வீடியோவில் பார்க்க ரொம்ப ஈஸியாகத் தெரியும். இறங்கினால்தான் சிக்கல் புரியும். சைக்கிள் பார்ட்ஸ் எல்லாமே ஒரே அளவு கிடையாது. அளவு சேராமல் வேலை பாதியில் நின்றால் காசுதான் போகும். பிரேக் சரியாகச் சேராமலேயே 'முடிந்துவிட்டது' என்று ரோட்டுக்கு வரும் வண்டிதான் உண்மையான ஆபத்து.

பழைய ஃப்ரேமுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

நம்ம ஊர் பழைய சைக்கிள்கள் பெரும்பாலும் ஸ்டீல். அம்பத்தூரில் 1949-ல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், ஹரியானாவின் சோனிபட்டில் இருந்து வந்த அட்லஸ், லூதியானாவின் ஹீரோ என எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் டிசைன், இரும்புக் குழாய், குழாய்கள் சேரும் இடத்தில் 'லக்' எனப்படும் உறை, அதற்குள் பித்தளை உருக்கி ஒட்டிய இணைப்பு. முழு வண்டி 20 கிலோவைத் தொடும். எடைதான் அதிகம், ஆனால் மூட்டை, பால் கேன், பின்னால் ஒரு ஆள் என்று எதை ஏற்றினாலும் தாங்கியதற்கு அந்த ஃப்ரேம்தான் காரணம்.

ஸ்டீலில் இன்னொரு வசதி, லேசாக வளைந்தால் நிமிர்த்தலாம், விரிசல் விட்டால் பற்றவைக்கலாம். அலுமினியம் ஃப்ரேமில் இது நடக்காது. வளைந்ததை நிமிர்த்தினால் பலம் போய்விடும். எது எந்த உலோகம் என்று தெரியவில்லையா? ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்க. ஒட்டினால் ஸ்டீல், நழுவினால் அலுமினியம்.

அட்லஸ் பழைய ஸ்டிக்கரோடு கிடைத்தால் அதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. அந்தக் கம்பெனி தனது கடைசி ஆலையில் உற்பத்தியை நிறுத்தியது 2020 ஜூன் 3-ம் தேதி. அன்றைக்கு உலக சைக்கிள் தினம் என்பதுதான் கொடுமை.

காசு கொடுப்பதற்கு முன் ஃப்ரேமில் என்ன பார்க்கணும்?

முதலில் ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்பக்கக் குழாயில் இருந்து சாய்வாக இறங்கும் குழாயின் அடிப்பக்கம். அங்கே விரலால் தடவிப் பாருங்க. பெயின்ட் சுருங்கியோ குழாய் லேசாகப் புடைத்தோ இருந்தால், அந்த வண்டி எங்கேயோ முன்பக்கமாக மோதியிருக்கிறது. அதை அங்கேயே வைத்துவிடுங்க. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்தது ஃபோர்க். பக்கவாட்டில் நின்று பார்த்தால் இரண்டு காலும் ஒன்றை ஒன்று மறைக்கணும். ஒன்று முன்னே தள்ளி இருந்தால் வளைவு. ஓடும்போது ஃபோர்க் உடைந்தால் முகம்தான் தரையில் போய் விழும். அதனால் ஃபோர்க்கில் வெல்டிங் போட்ட தடம் தெரிந்தாலே, கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் நகர்ந்துவிடுங்க.

ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின் வீல் மாட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில்பார் குழாயைச் சுற்றி, மறுபக்கம் பின்னால் கொண்டுவந்து கட்டுங்க. இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் சமமாக இருக்கணும். 2 மி.மீ. வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் நிமிர்த்தத் தெரிந்த ஆள் வேண்டும்.

கடைசியாக சீட்டை உருவிவிட்டு செல்போன் டார்ச்சை உள்ளே அடிங்க. மழைத்தண்ணீர் சீட் குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சு இருக்கும் கூட்டில்தான் தேங்கும். மேலே பளபளவென்று இருக்கும் ஃப்ரேம் உள்ளே செதில் செதிலாக உதிர்வது உண்டு. மேலோட்டமான செம்மண் நிறத் துரு பிரச்சினை இல்லை. ஆணியால் குத்தினால் பொடியாகக் கொட்டும் துருதான் பிரச்சினை. சீட் குழாய் துருவில் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றால் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் விடுங்க. சுத்தியலால் அடித்துக் குழாயை நசுக்கிவிடாதீங்க.

திருட்டு வண்டியாக இருந்தால்?

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது. அதனால் இதை யாரும் யோசிப்பதே இல்லை. ஆனால் திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

பெரும்பாலான ஃப்ரேம்களில் நம்பர் அடித்திருப்பார்கள். பெடல் அச்சுக் கூட்டின் அடியில், அல்லது சீட் குழாய் அருகே பார்க்கலாம். அந்த இடம் மட்டும் அரம் போட்டுத் தேய்த்திருந்தால் வாங்காதீங்க. கடையில் ஒரு துண்டுச் சீட்டிலாவது ஃப்ரேம் நம்பர், தேதி எழுதி வாங்கி போட்டோ எடுத்து வைத்துக்கோங்க.

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிள்களும் பழைய விலைக்கு வருவதுண்டு. அதை வாங்குவதாக இருந்தால் நேராக அந்த வீட்டிலேயே பேசுங்க. படிப்பு முடிந்து சும்மா நிற்கும் வண்டி என்றால் சரி. இன்னும் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வண்டி என்றால் விட்டுவிடுங்க.

ஹேண்டில்பாரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

பெரும்பாலான செலவு தொடங்குவது இங்கேதான். பழைய ரோட்ஸ்டரில் பிரேக் பிடிக்கக் கேபிள் கிடையாது, கம்பிதான். ராட் பிரேக். அதன் லீவரே ஹேண்டில்பாரோடு சேர்ந்தது. 'ஸ்டைலா இருக்கட்டும்' என்று நேர் ஹேண்டில்பார் போட்டால், ராட் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும்.

சரி, கேபிள் பிரேக் போடலாம் என்று போனால் அடுத்த சிக்கல் ரிம். ராட் பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, அதாவது ஹப்பைப் பார்த்த பக்கத்தைப் பிடிக்கும். அதற்கேற்ற மாதிரி அந்த ரிம்மின் ஓரங்கள் உருண்டையாக இருக்கும். கேபிள் பிரேக் பிடிப்பது ரிம்மின் இரண்டு பக்கச் சுவர்களை. உருண்டை ஓரத்தில் தட்டையான சுவரே இல்லை. கட்டை சறுக்கும், பாதிதான் படும். கடைத்தெருவில் மெதுவாக ஓட்டும்போது பிடிக்கிற மாதிரியே இருக்கும். மேம்பாலத்தில் இறங்கும்போதுதான் தெரியும்.

அப்போ ரிம்மையும் மாற்றணும். ரிம்மை மாற்றப் போனால் ஸ்போக்ஸ் கணக்கு வரும். பழைய ரோட்ஸ்டரில் முன் வீலுக்கு 32 கம்பி, பின் வீலுக்கு 40 கம்பி. இன்றைய ரிம்களில் 36 துளை சாதாரணம். துளையும் ஹப்பும் பொருந்தாவிட்டால் ஹப்பும் புதுசு. ஹேண்டில்பாரில் தொடங்கி இரண்டு முழு வீல் வரை வந்துவிட்டோம்!

அதனால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்துவிடணும். ஒன்று, ராட் பிரேக், பழைய ஹேண்டில்பார், பழைய ரிம் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் கட்டையைப் புதுசாக்குவது. இல்லையென்றால் ஹேண்டில்பார், பிரேக், வீல் மூன்றையும் ஒரு செட்டாக மாற்றுவது. நடுவில் நிற்காதீங்க. மழையில் அதிகம் ஓட்டுபவர் என்றால் இரண்டாவது வழிதான் நல்லது. குரோம் பூசிய ஸ்டீல் ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பது ரொம்பவே குறைந்துவிடும். அலுமினிய ரிம் அந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலாம்.

இதிலும் உயரம் பார்க்கணும். ரோட்ஸ்டரின் 28 × 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. இப்போதைய 700 சி வீலில் அது 622. ஃப்ரேமுக்குள் வீல் தாராளமாகப் போய்விடும். ஆனால் ரிம் 6.5 மி.மீ. கீழே இறங்கிவிடும். அந்த அளவுக்கு நீளக் கை உள்ள பிரேக்காகப் பார்த்து வாங்கணும். கட்டை ரிம்முக்குப் பதில் டயரில் உரசினால், டயரை அறுத்துவிடும்.

'26 இன்ச்' என்று கேட்டால் ஏன் மாறி வருது?

'26 டயர் கொடுங்க' என்று கேட்டு வாங்கிப்போய், மாட்ட முடியாமல் திரும்ப வருபவர்கள் உண்டு. காரணம், 26 என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் இருக்கின்றன. எஸ்எல்ஆர், லேடிபேர்டு மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் வரும் 26 × 1⅜ டயர் உட்காரும் விட்டம் 590 மி.மீ. எம்டிபி சைக்கிளின் 26 × 1.95-க்கு அது 559. இரண்டுக்கும் 31 மி.மீ. வித்தியாசம். எவ்வளவு முட்டினாலும் ஏறாது. பின்னத்தில் எழுதிய 26 வேறு, புள்ளி வைத்து எழுதிய 26 வேறு என்று நினைவில் வைத்துக்கோங்க.

பல டயர்களின் பக்கவாட்டில் 37-590, 40-635 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் ரிம் அளவு. அது ஒத்துப்போனால் போதும், இன்ச் கணக்கே தேவையில்லை.

எம்டிபி ஃப்ரேமை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். வி-பிரேக் மாட்டும் மொட்டு ஃப்ரேமிலேயே ஒட்டியிருக்கும். அது 559 ரிம்முக்காக வைத்த உயரம். அழகுக்காகப் பெரிய வீல் போட்டால் கட்டை ரிம்மை எட்டவே எட்டாது.

கழற்றும்போது எந்தப் பக்கம் திருப்பணும்?

இடது பெடலுக்கு மரை தலைகீழ். கழற்ற வலப்புறமாகத் திருப்பணும். வலது பெடல் வழக்கம்போல. பெடல் அச்சுக்கூட்டில் செயின் பக்கம் இருக்கும் கப்புக்கும் சாதாரண ரோட்ஸ்டரில் தலைகீழ் மரைதான். தெரியாமல் எதிர்ப்பக்கம் நீளக் குழாய் போட்டு இறுக்கினால், மரை போய் ஃப்ரேமே வீணாகும்.

கிராங்கை அச்சோடு பிடித்து வைத்திருப்பது காட்டர் பின். இதன் நட்டைக் கழற்றிவிட்டு நேராக சுத்தியலால் அடிப்பதுதான் வழக்கமான தப்பு. அந்த அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் மீது இறங்கும். கிராங்குக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு அடித்தால், அடி தரைக்குப் போய்விடும். திரும்ப மாட்டும்போது இரண்டு பின்னும் எதிரெதிர் திசையில் போகணும். மறந்துவிட்டால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது நொண்டுகிற மாதிரி இருக்கும்.

பால்ரஸ், கோன், கப் மூன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பாருங்க. கோனில் குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்க. பால்ரஸை எப்படியும் புதுசாகப் போட்டுவிடலாம், பெரிய செலவில்லை. செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஒரு ஸ்கேல் போதும். 24 கண்ணி சரியாக 12 இன்ச் வரணும். அதைவிட எட்டில் ஒரு பங்கு இன்ச் கூடியிருந்தால் செயின் முடிந்தது. அந்தச் செயினோடு தேய்ந்த ஃப்ரீவீலையும் சேர்த்தே மாற்றணும். இல்லையென்றால் புதுச் செயின் பல்லில் நிற்காமல் துள்ளும்.

ஒரு வேலையை மட்டும் சைக்கிள் கடைக்கே கொண்டுபோங்க. வீலுக்குக் கோட்டம் எடுப்பது. ஸ்போக்ஸ் சாவி வாங்கிவிட்டால் நாமே செய்துவிடலாம் என்று தோன்றும். ஒரு கம்பியை இறுக்கினால் எதிரே இன்னொரு இடம் வளையும். தெருமுனையில் கடை வைத்திருக்கும் பெரியவர், வீலைச் சுற்றிவிட்டுக் கட்டைவிரலை வைத்தே அரை மணி நேரத்தில் நேராக்கிவிடுவார். கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, அவர் எப்படிச் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்க.

கியர் வைக்கலாமா?

ரோட்ஸ்டர் ஃப்ரேம் என்றால் வேண்டாம். பின் வீல் மாட்டும் இடத்தின் அகலம் சிங்கிள் ஸ்பீடு வண்டிகளில் சுமார் 110 முதல் 120 மி.மீ. எம்டிபியின் கியர் ஹப்புக்கு 135 வேண்டும். ஸ்டீல் என்பதால் கொஞ்சம் விரிக்கலாம்தான். ஆனால் இவ்வளவு விரித்தால் இணைப்புகளுக்கு ஆபத்து.

மேட்டில் மிதிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்பதுதான் பிரச்சினை என்றால் அதற்கு மலிவான வழி இருக்கிறது. செயின்வீலில் 44 பல், ஃப்ரீவீலில் 18 பல் உள்ள வண்டியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 5.4 மீட்டர் போகும். ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றினால் அது சுமார் 4.5 மீட்டராகக் குறையும். வேகம் குறையும், மிதி லேசாகும். செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பின் பிரேக் இல்லாமல், ஃப்ரீவீலும் இல்லாமல் 'ஃபிக்ஸி' கட்டும் ஆசை சிலருக்கு இருக்கும். காலால் நிறுத்தலாம் என்பார்கள். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத நம்ம ரோட்டில், குறைந்தபட்சம் ஒரு நல்ல முன் பிரேக்காவது இல்லாமல் அதை எடுக்கக்கூடாது.

உங்க உயரத்துக்குச் சரியா?

கஸ்டம் என்று சொல்வதே இதற்காகத்தான். ஃப்ரேமின் மேல் பாரைத் தாண்டி இரண்டு காலையும் தரையில் முழுசாக ஊன்றி நில்லுங்க. பாருக்கும் உங்களுக்கும் நடுவே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி இருக்கணும். 24 இன்ச் ஃப்ரேம் நம்மில் நிறைய பேருக்குப் பெரிசு. சின்ன வயசில் குரங்குப்பெடல் போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக இருக்கணும். அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம்.

சேலை, சுடிதாரோடு ஓட்டுபவர்களுக்கு மேல் பார் இல்லாத ஃப்ரேம் வசதி. ஆனால் அதுதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பெயின்ட் எப்போது?

எல்லாம் சேருகிறது என்று ஒரு தடவை மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகு. முதலிலேயே பளபளவென்று அடித்துவிட்டு அப்புறம் அளவு சேரவில்லை என்று அரம் போட்டால் மனசு வலிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டுத்தான் தேய்க்கணும், மாஸ்க் போடணும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் தேய்க்கக்கூடாது. துருப்பிடித்த குரோம் பாகத்தை அலுமினியம் ஃபாயிலைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே பாதி பளபளப்பு திரும்பும். பழைய லோகோவும் தங்கக்கோடும் நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது என் கட்சி.

செலவு கட்டுப்படியாகுமா?

ஃப்ரேம் விலையை வைத்துக் கணக்குப் போடாதீங்க. பழசில் எடுக்கவே கூடாத பொருட்களின் விலையை முதலில் கேளுங்க: இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை, கேபிள், செயின், ஃப்ரீவீல், பால்ரஸ், கிரீஸ், ரிஃப்ளெக்டர். இதோடு கடைக்காரர் கூலி. இந்தத் தொகையே ஒரு புது சாதா சைக்கிளின் விலையில் பாதியைத் தாண்டினால், காசு மிச்சம் பிடிக்க என்று இதில் இறங்க வேண்டாம். ஆசைக்காக என்றால் அது வேறு விஷயம். ஹேண்டில்பார், சீட், ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, பெல் ஆகியவற்றைப் பழசிலேயே தாராளமாக எடுக்கலாம். ஹேண்டில்பாரில் மட்டும் நடுவில் பிடிக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

முதல் ஓட்டம் காலி கிரவுண்டில்தான். கிளம்புவதற்கு முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹேண்டில்பார் பக்கம் 'டக் டக்' என்று கேட்டால் அங்கே லூஸ். முன் வீலை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்புங்க, வீல் திரும்பாமல் ஹேண்டில்பார் மட்டும் எளிதாகத் திரும்பினால் இறுக்கணும். நடக்கும் வேகத்தில் ஒரு தடவை, ஓடும் வேகத்தில் ஒரு தடவை பிரேக் பிடியுங்க. பிறகு ரிம்மில் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடியும் பிடித்துப் பாருங்க. இரண்டு மூன்று நாள் ஓட்டியதும் காட்டர் பின், வீல், சீட் நட்டுகளை இன்னொரு சுற்று இறுக்குங்க. புதுசாக மாட்டிய காட்டர் பின் முதல் சில கிலோமீட்டரிலேயே லேசாகத் தளரும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் கிராங்கின் துளையே தேய்ந்துவிடும்.